குளத்தின் வடகரை

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது, அதனை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்துப் பெருங்கடவிளையில் எங்கள் குடும்பத்திற்குச் சிறு தோட்டமும் அதன் அடிவாரத்தில் ஒரு குளமும் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் உங்களுள் பலருக்கும் ஊரில் இத்தகைய குளம் இருக்கலாம்; அதனைப் பெரிதாக்கும் எண்ணமும் இருக்கலாம்.

இங்கே நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மேட்டில் தென்னையும் ரப்பரும். பள்ளத்தில் ஏலா எனப்படும் வயல். மேலே வெட்டுக்கல், அதனடியில் களிமண். மழைநீர் வெட்டுக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, களிமண்ணைக் கடக்கமாட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தில் ஊற்றாகக் கசிகின்றது. எங்கள் குளத்திற்கு உயிர் அக்கசிவுதான்.

முன்னோர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வெட்டிய குளம் அது. நாங்கள் பொக்லைனை வரவழைத்தோம். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். தமிழில் இயந்திரத்திற்கே பெயராகிவிட்டது. கேரளத்திலோ ஹிட்டாச்சி என்பார்கள். அது ஜப்பானியப் பெயர்!

20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று திட்டமிட்டோம். கரையைச் செங்குத்தாக வெட்டினால் 6 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட்டாலோ 4 லட்சத்துச் சொச்சமே. மும்பையிலிருந்து தமையனார் தொலைபேசியில், "தம்பி, நேராகவே வெட்டச் சொல்; இடம் வீணாக வேண்டாம்" என்றார். மணிக் கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. "கரைக்குக் கால் வேண்டும்" என்று அண்டைவீட்டுப் பெரியவர் சொன்னதை மூன்று பக்கம் ஏற்றோம். வடபக்கம் மட்டும் ஏற்கவில்லை.

அடுத்து, மண்ணை என்செய்வது? வயலில் கொட்டலாகாது, நெல்வயலையும் சதுப்புநிலத்தையும் காக்கும் 2008ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் அதனைத் தடுக்கிறது. வெளியே கொண்டுசெல்லவோ சுரங்க, நிலவியல் துறையின் அனுமதி வேண்டும். அதனை முன்கூட்டியே பெறாத நாங்கள், வடகரையின் விளிம்பிலேயே குவித்துவைத்தோம். செங்குத்தான கரை, அதன் தலையில் அத்தனை பாரம்!

இடவப்பாதி மழை தொடங்கிய சில நாட்களில், ஓரிரவு, அக்கரை இரண்டு தென்னைகளோடு குளத்திற்குள் சரிந்தது. ஊற்றுக்கண் இருந்தது அப்பக்கத்திலேதான். மழைக்காலத்தில் குளம் நிறைந்தே காணப்பட்டமையால் இழப்பு தெரியவில்லை. மாசியில் தெரிந்தது: முன்பு சிறிதாயிருந்தும் வற்றாத குளம், பெரிதான பின் முழங்கால் அளவுக்கு இறங்கிற்று. கீழ் ஏலாவில் வாழையும் மரச்சீனியும் வைத்திருந்தவர்கள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பங்குனியில் ஆட்களை வைத்து, சரிந்த மண்ணைக் கூடையால் எடுத்தோம். ஊற்றுக்கண்ணைச் சுற்றி இயந்திரத்தை விடவில்லை. வடகரையைச் சரிவாக்கி, இடையில் ஒரு படி விட்டு, புல் நட்டிருக்கிறோம். தமையனாருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். "குளம் சிறுத்துவிட்டதே!" என்றார். இவ்வாண்டு விடுமுறைக்கு வந்து நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.