பயணத்துக்கு எத்தனை ஆங்கிலச் சொற்கள்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஒரு பிழை. வேறு எவருடையதும் அல்ல, என்னுடைய பிழைதான். 1994 ஆம் ஆண்டில், கொழும்பில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில் செய்தது. ஒரேயொரு சிறு சொல்லில் நேர்ந்தது. அதைச் சொல்லுமுன் அந்தச் சொல்லின் உறவினர் சிலரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

தமிழில் நமக்குப் பயணம் என்ற சொல் பெரும்பாலும் போதுமானது. பஸ்ஸில் போனாலும் பயணம், கப்பலில் போனாலும் பயணம், மயானத்துக்குப் போவதும் இறுதிப் பயணம். ஆங்கிலத்திலோ ட்ரவல், ஜேர்னி, வொயேஜ், ட்ரிப், பாஸேஜ், க்ரொஸிங் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் எதிரே ‘பயணம்’ என்றே இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

‘ஒரு நீண்ட ட்ரவல் செய்தேன்’ என்று எழுதாத மாணவனை நான் கண்டதில்லை. ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை. அது பெரும்பாலும் வினையாக வரும். பெயராக வரும்போது, தண்ணீரை ஒன்று இரண்டு என்று எண்ணாதது போலவே அதையும் எண்ணமாட்டார்கள். நாடு நாடாய் அலைந்தவன் கதை சொல்லும்போது மட்டும் பன்மையில் வரும். 1726 இல் ஜொனதன் ஸ்விஃப்ட் வெளியிட்ட கலிவரின் கதைக்கு நிலைத்த பெயரிலும் அப்படித்தான். இச்சொல்லின் பழைய உருவம் ‘ட்ரவெய்ல்’. பெரும்பாடு, பிரசவ வேதனை என்பன அதன் பொருள். அதற்கும் பின்னால் மூன்று கட்டைகளால் அமைந்த ஒரு சித்திரவதைக் கருவியின் இலத்தீன் பெயர் இருப்பதாக அகராதிக்காரர் கூறுவர். பழைய காலத்தில் வீதியில் இறங்குவது எத்தகைய காரியமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

‘ஜேர்னி’ பிரெஞ்சு மொழியில் ‘நாள்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம், ஒரு நாளில் செய்து முடிக்கும் வேலை, இரண்டுமே அதற்குள் இருந்தன. ‘ஜேர்னிமேன்’ என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர் பயணி என்று மொழிபெயர்த்துவிடுவர். அவன் எங்கும் போவதில்லை. தொழில் பழகி முடித்து, நாட்கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞன் அவன். இப்போதோ உத்தியோகம், நோய், உடல் மெலிவு எல்லாமே ஆங்கிலத்தில் ‘ஜேர்னி’ ஆகிவிட்டன. எனக்கு இது பிடிப்பதில்லை. ஒரு நாள் நடையை இப்படி ஆயுள் முழுவதற்கும் இழுத்தால் சொல் நைந்துபோகும்.

எனக்குப் பிடித்தது ‘வொயேஜ்’. கடலில் நெடுந்தூரம் போவதற்கு உரிய சொல் அது. அதன் இலத்தீன் மூலத்துக்குப் பொருள் என்ன தெரியுமா? வழிக்கு எடுத்துச் செல்லும் உணவு, செலவுக்குக் காசு. நமது கட்டுச்சோறேதான்! அதே இலத்தீன் சொல்லைக் கத்தோலிக்க திருச்சபை, மரணப் படுக்கையில் இருப்பவருக்கு வழங்கும் கடைசி நற்கருணைக்குப் பெயராக வைத்திருக்கிறது. திரும்பி வராத வழிக்கும் கட்டுச்சோறு வேண்டும் போலும்.

‘பாஸேஜ்’ என்றால் நமது பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாளில் வரும் உரைப்பகுதிதான் நினைவுக்கு வரும். அது வழியையும் குறிக்கும், வழிவிடுதலையும் குறிக்கும், கப்பலில் போவதற்குக் கொடுக்கும் கட்டணத்தையும் குறிக்கும். 1924 இல் ஈ. எம். ஃபோஸ்டர் தமது இந்திய நாவலுக்குப் பெயரிட்டபோது, வால்ட் விற்மனின் கவிதைத் தலைப்பிலிருந்து இச்சொல்லை எடுத்தார். அத்தலைப்பை ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்று தமிழாக்கினால் கப்பற் சீட்டுத்தான் மிஞ்சுகிறது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் போய்ச் சேர வழி உண்டா என்ற அந்த நாவலின் கேள்வி நழுவிவிடுகிறது. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் ஏற்றிச் சென்ற கொடிய கடல்வழிக்கும் ‘நடுப் பாஸேஜ்’ என்றே பெயர். மூன்று கட்டமாக நடந்த வாணிபத்தில் அது நடுக்கட்டம். கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போன்ற பெயர்!

‘க்ரொஸிங்’ என்ற சொல் தூரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இந்தக் கரை, அந்தக் கரை, நடுவே நீர். அவ்வளவுதான். டெனிசன் தமது எண்பதாவது வயதில், 1889 இல், வைட் தீவுக்குக் கடல் கடந்து போகையில் எழுதிய சிறு கவிதையின் தலைப்பில் இச்சொல் இருக்கிறது. அவர் கடப்பதாகச் சொல்லும் ‘பார்’ துறைமுக வாயிலில் உள்ள மணல்திட்டு. அதை மதுக்கடை என்று விளங்கிக்கொண்டு விடை எழுதிய ஒரு மாணவனுக்கு நான் சிரித்துக்கொண்டே அரைப் புள்ளி போட்டதும் உண்டு.

கடைசியாக ‘ட்ரிப்’. இலேசாக அடியெடுத்து வைப்பதும், கால் தடுக்கி விழுவதும் அதன் பழைய பொருள்கள். குறுகிய பயணம், போய்த் திரும்புவது, என்பது இன்றைய பொருள். நமது நாட்டில் அதற்கு ஒரு வேனும், றபானும், சோற்றுப் பார்சலும் சேர்ந்துகொண்டன.

இனி என் பிழை. 1990 களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளங்களில் கடந்தார்கள் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். பலர் அந்த நீரிலேயே உயிரிழந்தார்கள். அவ்வாறு கடந்து வந்த ஓர் அம்மா, வெளிநாட்டில் உள்ள மகனிடம் போவதற்காக ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். மூன்று தடவை கடந்ததாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் ‘மூன்று ட்ரிப்’ என்று எழுதினேன். இலக்கணத்தில் குற்றமில்லை. போய் வந்த குறுகிய தூரந்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் அவருடைய மகள் கடதாசியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

“சேர், அம்மா ட்ரிப் போகேல்லை” என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சொல்லை வெட்டினேன். ‘க்ரொஸிங்’ என்று போட்டேன். வள்ளக்காரர் “இண்டைக்கு எனக்கு இது ரெண்டாவது ட்ரிப்” என்று சொல்லியிருந்தால், அவர் வாயில் அது சரியான சொல். அவர் எண்ணியது ஓட்டத்தை. என் கையில் அது பிழை.

தாயார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். புதுச் சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டார். “கடந்தது” என்றேன்.

“கடந்தது எண்டால், முடிஞ்சு போனது எண்டும் விளங்குவினமோ?” என்றார் அவர்.

இல்லையம்மா, ஆங்கிலத்தில் அது வேறு சொல் என்றேன். அவர் சற்று யோசித்தார். பிறகு, முதல் இரண்டு தடவையும் தன் கணவர் கூட இருந்தார் என்றும், மூன்றாந்தரம் தான் தனிய என்றும், அதையும் எழுதும்படியும் சொன்னார். எழுதினேன்.