ஜப்பான் செல்லும் அன்பர்களுக்கு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நம் சங்கத்தைச் சேர்ந்த 23 பேர் ஜப்பான் தேசம் சென்று, 12 நாட்கள் சுற்றித் திரும்பினோம். இவ்வாண்டும் ஒரு குழு புறப்பட எண்ணியிருக்கிறது. “அங்கே கண்ட அழகுகளைப் பலரும் சொல்லிவிட்டார்கள், போய் வரும் முறையைச் சொல்லுங்கள்” என்று செயலாளர் பணித்தார். நாங்கள் பெரும் படிப்புப் படித்தவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இந்தக் கரக்பூர் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவர்கள். ஆகவே எங்கள் உரையில் அலங்காரம் இராது. பட்டறிவு மட்டுமே இருக்கும். எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம். அதுவே இவ்வுரையின் முக்கியமான பகுதி.

முதலாவது, காலம். செர்ரி மலர்கள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் பூப்பது மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். அப்போது இரவுக் குளிர் 10 பாகையை ஒட்டியிருக்கும். கம்பளிச் சட்டை அவசியம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலும், ஆகஸ்டு நடுவிலும் அந்நாட்டார் தாமே விடுமுறையில் திரள்கின்றனர். கூட்டமாகச் செல்வோர் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம். ஜூன் முதல் ஜூலை நடு வரை மழைக்காலம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி முன்னே ஓடும். மின்சாரம் 100 வோல்ட். தட்டையான இரண்டு முனை கொண்ட செருகியே அங்கே பொருந்தும்.

இரண்டாவது, மருந்தும் உணவும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாயினும் ஒரு மாதத்துக்கு உரியதற்கு மேல் கொண்டு செல்ல வேண்டுமானால், அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். சூடோஎபெட்ரின் என்னும் பொருள் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு. நம் ஊர்க் கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாகாது. மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சைக் காய், கனி, இலை எதையும் விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு தாய் ஆசையோடு எடுத்து வந்த கறிவேப்பிலைக் கட்டு அங்கேயே நின்றுவிட்டது. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எங்களோடு வந்தன. அவையே பல வேளை எங்களைக் காப்பாற்றின.

மரக்கறி உண்போர் இதை நினைவில் வைக்க வேண்டும். “தாஷி” என்னும் சாறு அவர்கள் சமையலுக்கு அடிப்படை. அது பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனிலிருந்து எடுக்கப்படுவது. கிண்ணத்தில் காயும் நூடுல்ஸும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும் சாற்றில் மீன் இருக்கக்கூடும். “மீனும் இறைச்சியும் வேண்டா, மீன் சாறும் வேண்டா” என்று ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொருவரும் வைத்திருங்கள். பௌத்த ஆலயங்களைச் சார்ந்த “ஷோஜின் ரியோரி” என்னும் உணவு மரக்கறியால் ஆனது. விலை சற்று உயர்வு. ஆயினும் ஒரு வேளையேனும் உண்டு பார்க்கத் தக்கது.

மூன்றாவது, ரயில். இதைச் சொல்லத் தொடங்கும்போதே எங்களுக்கு நாணம் உண்டாகிறது. 1,072 மீட்டர் நீள நடைமேடையின் நிழலில் வாழ்கிறவர்கள் நாம். எங்கள் குழுவில் அறுவர் ரயில்வே ஊழியர். “ரயிலைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்?” என்னும் செருக்கு எங்களுக்கு இருந்தது. பயணத்தின் முழுப் பொறுப்பையும் நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டோம்.

டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் ஷிங்கான்சென் பாதை 1964 அக்டோபர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது; நீளம் சுமார் 515 கிலோமீட்டர். டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்ல விரைவு வண்டியில் இரண்டேகால் மணி நேரம் போதும். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. கியோட்டோவுக்குத் தனி டிக்கெட் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். எனவே போக வர மட்டும் செல்வோருக்குப் பாஸ் நட்டமே. கணக்குப் போட்டுப் பார்த்தபின் வாங்குங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செண்டிமீட்டருக்கு மேற்படுமாயின், அதற்கென உள்ள கடைசி வரிசை இருக்கையை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை. அதனினும் நல்லது, பெரிய பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அனுப்பித் தரும் சேவையைப் பயன்படுத்துவது. பெரும்பாலும் மறுநாளே சேர்ந்துவிடுகிறது.

நாங்கள் அந்தச் செலவை மிச்சம் பிடித்தோம். பெட்டிகளோடு வண்டி ஏறினோம். டோக்கியோ நிலையத்தின் வாயிலைக் கடந்ததும், முதியவர்கள் தொலைத்துவிடுவார்களே என்று எல்லாருடைய டிக்கெட்டுகளையும் திரும்ப வாங்கி ஒரே உறையில் வைத்துக்கொண்டோம். கடவுச்சீட்டுகளையும் அவ்வாறே குடும்பத்துக்கு ஒருவரிடம் சேர்த்தோம். அது மிகச் சிறந்த ஏற்பாடு என்று எங்களுக்குள் மெச்சிக்கொண்டோம்.

கியோட்டோவில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடமே. இறங்கும் வழியில் எங்கள் பெட்டிகளே ஒன்றின்மேல் ஒன்று சிக்கிக்கொண்டன. நாங்கள் அவற்றை இழுத்து இறக்கி, மூச்சு வாங்கி, தலைகளை எண்ணினோம். இருபத்திரண்டு. கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால், எழுபதைத் தொட்ட ஓர் அம்மையார் கையில் துணிப்பையுடன் நின்றிருந்தார். வண்டி நகர்ந்தது.

அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவருடைய டிக்கெட் எங்கள் உறையில். கடவுச்சீட்டு நடைமேடையில் நின்ற அவர் கணவரின் இடுப்புப் பையில். பணமும் கைப்பேசியும் அங்கேயே. அடுத்த நிலையம் ஷின் ஒசாகா, 15 நிமிட ஓட்டம். அங்கே இறங்காவிட்டால் வண்டி இன்னும் பல நூறு கிலோமீட்டர் ஓடி ஹகாதா வரை செல்லும். அவர் கணவர் எங்களை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தைத் தாங்குவது எங்களுக்கு எளிதாக இல்லை.

நிலைய ஊழியர் ஒருவரிடம் வண்டியின் எண்ணையும் பெட்டியின் எண்ணையும் காட்டினோம். அவர் உடனே வண்டியிலுள்ள நடத்துநருக்குச் செய்தி அனுப்பச் செய்தார். எங்களில் இருவர் அடுத்த வண்டியில் விரைந்தோம். ஷின் ஒசாகா நிலைய அலுவலகத்தில் அம்மையார் ஒரு நாற்காலியில் அமர்ந்து, அவர்கள் கொடுத்த தேநீரைக் கையில் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. “தம்பி, என் டிக்கெட்டை என்னிடம் கொடுங்கள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். ஒரு சீட்டையா தொலைத்துவிடுவேன்?” என்றார்.

அன்பர்களே, அன்று இரவு நாங்கள் நெடுநேரம் உறங்கவில்லை. பாதுகாப்பு என்று பெயரிட்டு, முதியோரிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் அவர்களைக் காக்கக்கூடிய பொருள்களையே பறித்து வைத்திருந்தோம். அவற்றை வைத்திருந்தவன் கூடவே இருந்தவரை யாதொரு குறையும் இல்லை. அவன் ஒரு கதவுக்கு அப்பால் போனதும் அவர்களிடம் ஒன்றும் இல்லை. இது ஜப்பானுக்கு மட்டும் உரிய பாடமா என்று எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் காலை சில விதிகள் வகுத்தோம். அவரவர் டிக்கெட்டும் கடவுச்சீட்டும் அவரவரிடமே இருக்க வேண்டும். அயல்நாட்டுப் பயணி கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமும் ஆகும். நாங்கள் செய்த ஏற்பாடு அதற்கும் மாறானது. ஒவ்வொருவர் பையிலும் 5,000 யென் பணமும், விடுதியின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் உள்ள சீட்டும் இருக்க வேண்டும். அச்சீட்டின் பின்புறம் காவலருக்கு 110, மருத்துவ வண்டிக்கு 119 என்னும் எண்களும், குழுத்தலைவரின் கைப்பேசி எண்ணும். தெருமுனைகளில் “கோபான்” என்னும் சிறு காவல் நிலையங்கள் உண்டு; சீட்டைக் காட்டினால் வழி சொல்வார்கள். வண்டியில் தங்கிவிட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அந்த நடைமேடையிலேயே இருப்பார். நடைமேடையில் தங்கிவிட்டவர் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். தேடி வருவது மற்றவர் கடமை. இறங்கும்போது முதியவர் முதலில், பெட்டி கடைசியில். குழுவின் நடை வேகம் அதன் மிக மெதுவான காலின் வேகமே.

இன்னும் சில சிறு குறிப்புகள். வண்டிக்குள் கைப்பேசியில் உரக்கப் பேசுதல் அங்கே அநாகரிகம். 23 தமிழர் ஒன்றாக அமர்ந்தால் இது கடினமான விரதமே, ஆயினும் காத்தோம். உணவகத்தில் இனாம் கொடுக்க வேண்டா. துரத்தி வந்து திருப்பித் தருவார்கள். தெருவில் குப்பைத்தொட்டி அரிது. சிறு பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆலயங்களிலும் சில உணவகங்களிலும் காலணி கழற்ற வேண்டும். கிழியாத காலுறை அணிந்து செல்லுங்கள். குழாய் நீர் குடிக்கத் தக்கது.

இரு நாள் கழித்து நாரா சென்றோம். 752ஆம் ஆண்டில் அங்குள்ள பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அத்தனை தொலைவு கடல் கடந்தவரின் நினைவு எங்களுக்கு வியப்பளித்தது. ஆனால் எங்கள் நெஞ்சில் அதனினும் ஆழமாகப் பதிந்தது நாரா நிலையத்தின் வாயில். அந்த அம்மையார் “இகோகா” என்னும் பயண அட்டையைத் தம் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து, இயந்திரத்தில் தாமே வைத்து, எங்கள் அனைவருக்கும் முன்னால் வெளியே நடந்தார். அப்பால் நின்று திரும்பிப் பார்த்து, “எல்லாரும் வந்தாயிற்றா?” என்று எங்களை எண்ணத் தொடங்கினார்.

இவ்வாண்டு செல்லும் குழுவினருக்கு எங்கள் சீட்டின் படியைத் தர ஆயத்தமாக இருக்கிறோம். ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; குடும்பத்துக்கு ஒன்று போதாது.