உலை அணைந்த ஊர்

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, யங்ஸ்டவுன் வட்டாரத்து எஃகு நிறுவனமொன்று தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 தொழிலாளரின் வாழ்வு, ஒரே அறிவிப்பால் இருண்டது. 'கறுப்புத் திங்கள்' என்றே அந்நாளை அவ்வூரார் அழைக்கின்றனர்.

"சந்தை பார்த்துக்கொள்ளும், சர்க்காருக்கு இங்கென்ன வேலை?" என்றனர் சித்தாந்தம் பேசியோர். சந்தை பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது! 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு உற்பத்தித் தொழிலில் சுமார் 1 கோடியே 70 இலட்சம் பேர் இருந்தனர். 2010இல்? சுமார் 1 கோடியே 15 இலட்சம்!

அறிவுக்குப் பஞ்சமா அங்கே? ஆராய்ச்சிக்குக் குறைவா? இல்லை, தோழர்களே! பாதுகாப்புத் துறை ஆராய்ந்தது. எரிசக்தித் துறை ஆராய்ந்தது. வணிகத் துறையும் ஆராய்ந்தது. ஆனால் வடத்துக்கொருவர், திசைக்கொருவராய் இழுத்தால், தேர் நிலையைவிட்டு நகருமா? ஆய்வுக்கூடத்திலே பிறந்த புதுமை, ஆலைவாயிலை எட்டுமுன் ஆதரிப்பாரின்றி வாடிற்று.

பிறகுதான் விழித்தனர். துறைகளெல்லாம் ஒன்றுகூடித் திட்டம் தீட்டவேண்டுமென்று சட்டம் பிறந்தது. 2012 பிப்ரவரியில், உயர்தொழில்நுட்ப உற்பத்திக்கான முதல் திட்டம் வெளிவந்தது. சிறுதொழில்களின் முதலீட்டைப் பெருக்குதல், தொழிலாளர் திறனை வளர்த்தல், துறைகளின் செலவை ஒருமுகப்படுத்தல் ஆகியவை அதன் ஐந்து குறிக்கோள்களில் மூன்று. நான்காண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்தாகவேண்டுமென்று 2014 டிசம்பரில் மற்றொரு சட்டம் ஆணையிட்டது. 2012இல் ஒபாமா, 2018இல் டிரம்ப், 2022இல் பைடன் என ஆட்சியாளர் மாறினர், கட்சியும் மாறிற்று. திட்டமோ தொடர்ந்தது. ஆள்வோரின் விருப்பத்திலே தொங்காமல், சட்டத்திலே வேரூன்றியதால் கிடைத்த வலிமை அது!

அந்த முயற்சியின் முதல் ஆய்வு நிலையம் எங்கே எழுந்தது தெரியுமா? அதே யங்ஸ்டவுனில், 2012 ஆகஸ்டில்! அடுக்கடுக்காய்ப் பொருளை வார்த்தெடுக்கும் முப்பரிமாண அச்சுமுறைக்கான நிலையம். மைய அரசு 3 கோடி டாலர் தருவதென்றும், தொழில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பிறரும் சேர்ந்து 4 கோடி டாலர் தருவதென்றும் ஏற்பாடு.

பாராட்டுவோம். ஆனால் கணக்கும் கேட்போம்! கறுப்புத் திங்களுக்கும் இந்த நிலையத்துக்கும் இடையே ஓடியவை 35 ஆண்டுகள். ஆலையிழந்த இளைஞன், அதற்குள் முதியவனாகிவிட்டான். நிலையம் வந்தது, கேம்பெல் ஆலை திரும்பவில்லை. கண்கெட்ட பின்பா கதிரவன் வணக்கம்?

ஆகவே, தோழர்களே, எந்த அரசு தொழில் திட்டமெனும் ஏட்டை நீட்டினாலும், அட்டையின் அழகிலே மயங்காதீர்! துறைகளை ஒருசேர இழுக்கும் பொறுப்பு யாருடையது? ஆட்சி மாறினால் திட்டம் வாழுமா? திட்டமிடும் மேசையிலே தொழிலாளிக்கு நாற்காலி உண்டா? உலை கனலும்போதே கேளுங்கள். சாம்பலிடம் கேட்டால் விடை கிடைக்காது!