லாரிப் பட்டையில் ஒரு நல்ல கத்தி



திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பிரியாணிக்குக் கறி வெட்டுகிற கத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று நான் பேசுகிறேன்.

நம் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் கத்தி கேட்டால், "லாரிப் பட்டையில் அடிக்கவா?" என்பார்கள். லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டையைத்தான் (லீஃப் ஸ்பிரிங்) அப்படிச் சொல்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்குகிற சரக்குதானே என்று பலருக்கு அதில் மதிப்பில்லை. ஆனால் அது அருமையான எஃகு. பரவலாக உள்ள ஒரு வகையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம். கார்பன் கடினம் தரும். சிலிக்கான் வளைந்து நிமிரும் வலுவைத் தரும். எலும்பு வெட்ட இதுதான் ஏற்றது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பது ஒன்றே கவலை.

அடுத்தது பால் பேரிங் எஃகு. அதில் கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும், காய் நறுக்கச் சுகமாக இருக்கும். எலும்பில் ஓங்கிப் போட்டால் விளிம்பு உதிரும்.

எவர்சில்வர்? 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள பாத்திரத் தகடு, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. கத்திக்கு உரியது ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் உள்ள வகை. அதில் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத கத்தியை வாங்காதீர்கள். ஒட்டியதாலேயே அது நல்ல கத்தி ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எந்த எஃகு என்பதைவிடத் தோய்ச்சல்தான் கத்தியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. உலையில் சிவந்த எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்கும் மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் விட்டால் பட்டை எஃகு வெடிக்கக்கூடும். தோய்த்த கையோடு அது கண்ணாடிபோல் நொறுங்குகிற நிலையில் இருக்கும். அதனால் மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேல்வரை இளஞ்சூட்டில் வாட்டுவார்கள். தேய்த்து வெளுத்த பரப்பில் வைக்கோல் நிறம் படர்ந்தால் காய்கறிக் கத்திக்குப் பதம். வெட்டுக்கத்திக்குப் பழுப்பேறும்வரை விடலாம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எஃகு உருக்கியவர்களுக்கும் வெப்பமானி கிடையாது; சூட்டை நிறம் பார்த்தே அறிந்திருப்பார்கள்.

இத்தனை பாடுபட்டு ஏற்றிய பதத்தை ஒரு நிமிடச் சாணை கெடுத்துவிடும். காய்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்து விளிம்பில் நீலம் பாய்ந்தால், அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று பொருள். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தீட்டச் சொல்லுங்கள். புளி, எலுமிச்சை பட்டால் கத்தி கறுக்கும், அது குற்றமில்லை. கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

அடுத்த முறை கத்தி அடிக்கக் கொடுக்கும்போது விலையில் பேரம் பேசாதீர்கள். எண்ணெயில் தோய்த்து, திரும்ப வாட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வேலைக்குரிய கூலியை மனமாரக் கொடுங்கள்.