அறிவியல் பட்டப்படிப்பும் கல்லூரித் தேர்வும்
(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய நம் பிள்ளைகள் அறிவியல் பட்டம் பயில எக்கல்லூரியைத் தேர்வது என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். விழா மேடைக்கு இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணலாம். ஆனால், தேர்ந்தெடுக்கும் உரிமையே ஒரு காலத்தில் நமக்கு இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

இதே அடையாற்றில் 1894 ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் நம் மக்களுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எழுத்தறிவுக்கே தனிப்பள்ளி வேண்டியிருந்த காலம் அது. இராயப்பேட்டையிலிருந்து 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்ட அயோத்திதாசப் பண்டிதரும், 'பறையன்' இதழை 1893 இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களும், பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களும் கல்விக்காகவே முதற்குரல் எழுப்பினர். பின்னர் வகுப்புவாரி உரிமை ஆணை வந்தது. அது 1951 இல் சண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாது எனப்பட்டது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று ஒரு மாணவன் விண்ணப்பத்தில் மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதி, 'இவற்றுள் எது நன்று?' என்று கேட்கிறான் என்றால், அக்கேள்விக்குப் பின்னே இத்தனை வரலாறு நிற்கிறது. ஆகவே அக்கேள்விக்குப் பொறுப்போடு விடை காண வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகிறேன். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர்க்கே பி.எஸ்ஸி. என்று பலர் கருதுகின்றனர். சர் சி. வி. இராமன் மெரினாக் கடற்கரை எதிரேயுள்ள மாநிலக் கல்லூரியில் பயின்று 1904 இல் பட்டம் பெற்றவர். மாணவராக இருந்தபோதே, 1906 இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்து இதழொன்றில் வெளிவந்தது. சுப்பிரமணியன் சந்திரசேகர் அதே கல்லூரியில் 1930 இல் இயற்பியல் பட்டம் பெற்றார். இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 'அவர்கள் வீட்டில் புத்தகம் இருந்தது. நம் வீட்டில் என்ன இருந்தது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு மேகநாத சாகாவின் வாழ்க்கை விடையளிக்கிறது. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில், டாக்காவை அடுத்த சிற்றூரில், சிறு கடைக்காரரின் மகனாக 1893 இல் பிறந்தவர் அவர். கல்கத்தா மாநிலக் கல்லூரி விடுதியில் அவரோடு உடனிருந்து உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். எனினும், அங்கே அவருக்கு ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போசு வகுப்புத் தோழர். 1920 இல் அவர் கண்ட அயனியாக்கச் சமன்பாடு விண்மீன்களின் வெப்பநிலையை அறியும் வழியை உலகுக்குக் காட்டியது. நல்ல கல்லூரி தரும் பெருஞ்செல்வம் நல்லாசிரியரும் நல்ல தோழருமே என்பதையும், அவமதிப்பு அங்கும் நேரலாம் என்பதையும் இவ்வரலாறு ஒருசேர உணர்த்துகிறது.

இனி நம் பகுதியைப் பார்ப்போம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில் வாழ்வோர்க்கு நல்ல கல்லூரிகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. 1840 இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும், 1914 இல் தோன்றிய இராணி மேரி மகளிர் கல்லூரியும், நந்தனம் அரசு கலைக் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். மயிலையில் 1946 முதல் விவேகானந்தா கல்லூரி உள்ளது. நுங்கம்பாக்கத்தில் 1925 முதல் இலயோலாக் கல்லூரி உள்ளது. 1837 இல் பள்ளியாகத் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937 முதல் தாம்பரத்தில் இயங்குகிறது. மாம்பலத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் போய்விடலாம். திருவான்மியூரிலிருந்து பறக்கும் ரயில் சேப்பாக்கத்தில் மாநிலக் கல்லூரியின் அருகிலேயே இறக்கிவிடும்.

இவற்றுக்கு அப்பாலும் வாயில்கள் உள்ளன. பெங்களூரின் இந்திய அறிவியற் கழகம் 2011 முதல் நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்பை நடத்துகிறது. 2006 முதல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுள் ஒன்று நமக்கு அருகே திருப்பதியில் உள்ளது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் உள்ளது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இவற்றின் பெயரையே நம் பிள்ளைகளுள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே கேள்விப்படுகின்றனர். அதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிடுகிறது. திறமைக் குறைவால் இழப்பதைவிடச் செய்தி அறியாமையால் நாம் இழப்பது மிகுதி. பதினோராம் வகுப்பிலேயே இவற்றை அறிவிப்பது நம் சங்கத்தின் கடமையாகட்டும்.

இத்தனையுள் எதைத் தேர்வது? பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஒரு பிழை. 'நமக்கு இதெல்லாம் எதற்கு?' என்று அஞ்சி அருகிலிருப்பதோடு நின்றுவிடுவது அதனினும் பெரும்பிழை. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் தரவரிசையைப் பாருங்கள். ஆனால் அது கல்லூரி முழுமைக்கும் உரிய எண். நீங்கள் சேரப்போவது ஒரு துறையில். எனவே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, அத்துறையில் நிலையான ஆசிரியர் எத்தனை பேர்? பாடவேளை தவறாமல் நடக்கிறதா? ஆய்வகத்தில் மாணவன் தன் கையால் சோதனை செய்கிறானா, பிறர் செய்வதைப் பார்த்து எழுதுகிறானா? இதனைக் கல்லூரி விளம்பரம் கூறாது. அங்கே மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவர் கூறுவர். நம் சங்கத்தில் பயின்று சென்றோரைத் தேடிச் சென்று கேளுங்கள்.

இரண்டாவது, கிடைக்கும் இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? ஒரே வளாகம், ஒரே பட்டம் ஆயினும் கட்டணத்தில் பெரும் வேறுபாடு உண்டு. சேர்க்கைக் கடிதத்தில் இதனைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு வருந்தும் பெற்றோர் உண்டு.

மூன்றாவது, இடஒதுக்கீடு எவ்வாறு? தமிழக அரசின் ஒதுக்கீட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு. அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. மத்திய நிறுவனங்களில் 15 விழுக்காடு. சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கு அரசியல் சட்டத்தின் 15(5) ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே அங்கே அவர்கள் வெளியிடும் சேர்க்கை விதிகளைப் படித்தறிதல் வேண்டும். பொதுப்பட்டியலில் இடம் பெறத்தக்க மதிப்பெண் இருப்பின், அவ்விடத்தையே பெற்று, ஒதுக்கீட்டு இடத்தை இன்னொரு தம்பிக்கோ தங்கைக்கோ விட்டுத் தருவதும் நம் சமுதாயத் தொண்டே.

நான்காவது, மொழி. தமிழ்வழியில் பயின்றவன் ஆங்கில வகுப்பில் முதற்பருவத்தில் தடுமாறுவான். அது அறிவின் குறை அன்று, பழக்கத்தின் குறை. முதலாண்டில் தனிப்பயிற்சி அளிக்கும் கல்லூரியா என்று கேளுங்கள். அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழி அறிவியல் வகுப்பும் உண்டு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டது. 2020 இல் செய்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும். அரசுப் பணியை நாடுவோர் இதனைக் கருதலாம். ஆராய்ச்சியை நாடுவோர் ஆங்கிலத்தை எவ்வாறேனும் கைக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, பணமும் இருப்பிடமும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். அறிவிக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்வோர்க்கு உரிய தனித் திட்டத்தில் வரம்பு 8 இலட்சம் ரூபாய். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற மாணவியர்க்கு 2022 இல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024 இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் என வந்தன. சாதிச் சான்று, வருமானச் சான்று, மாணவன் பெயரில் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் தேர்வு முடிவு வருமுன்னரே ஆயத்தமாக வையுங்கள்.

உதவித்தொகை காலத்தே வராவிடின் என்ன நேரும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையே சான்று. பரோடா மன்னரின் உதவியால் 1913 இல் கொலம்பியா சென்றார்; 1916 இல் இலண்டன் சென்றார். உதவிக் காலம் முடிந்ததால் 1917 இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாயில் ஆசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920 இல் மீண்டும் சென்று, பட்டத்தை முடித்தே திரும்பினார். அத்தகைய உள்ளுரம் அனைவர்க்கும் வாய்க்கும் என எதிர்பார்த்தல் முறையன்று. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றது, விடுதியினின்றும் நீக்கப்பட்டார், 2016 சனவரியில் அவரை இழந்தோம். பிள்ளையைப் பெரிய நிறுவனத்தில் சேர்த்ததோடு நம் கடமை முடிந்துவிடாது என்பதை அத்துயரம் நமக்குச் சொல்கிறது.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தொலைவிலுள்ள நிறுவனத்தில் மகளுக்கு இடம் கிடைத்தால், 'பெண்பிள்ளை, அவ்வளவு தூரமா?' என்று தடுத்துவிடாதீர்கள். மாதந்தோறும் ஒருமுறையேனும் பேசுங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், உடன் உண்ணத் தோழியர் உண்டா என்றும் கேளுங்கள். சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை வரத் தாமதமாகும் மாதங்களில் கடனாகக் கொடுத்துப் பின் பெற்றுக்கொள்ளும் சிறு நிதியொன்றை இவ்வெள்ளிவிழாவின் நினைவாகத் தொடங்குங்கள். மண்டபம் கட்டுவதினும் அது நிலைத்த நினைவாகும்.

மாணவச் செல்வங்களே! எக்கல்லூரியில் சேர்ந்தாலும் இந்நகரமே உங்களுக்குப் பல்கலைக்கழகம். கோட்டூர்புரத்தில் 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் உள்ளது. 1962 இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் தரமணியில் உள்ளது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. இந்நிறுவனங்களில் நடைபெறும் பொதுச் சொற்பொழிவுகளுக்குச் செல்லுங்கள். விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லையெனில் மனம் தளர வேண்டா. பி.எஸ்ஸி. முடித்து 'ஜாம்' தேர்வெழுதினால் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலேயே எம்.எஸ்ஸி. பயிலலாம். முதல் வாயில் அடைபட்டாலும் இரண்டாம் வாயில் திறந்தே உள்ளது. அதனை எட்டும் வரை படிப்பை நடுவில் நிறுத்தாதிருப்பதே முதன்மை.

அண்ணல் அம்பேத்கர் 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, அதனைக் கலையும் அறிவியலும் சேர்ந்த கல்லூரியாகவே அமைத்தார். சட்டமும் அரசியலும் மட்டுமன்றி ஆய்வகமும் நம் பிள்ளைகளுக்கு உரியது என்பதே அதன் பொருள். அவ்வுரிமையை நிறைவாகப் பயன்படுத்துங்கள்.

 வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!