சிபில் கார்த்திகேசு அம்மையார்



கோலார் தங்கவயலில் வாழும் தமிழர்களாகிய நமக்குத் தாதியரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட காலந்தொட்டு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோர், பூமிக்குள் இறங்கும்போது தம் உயிரைப் பாறையிடம் ஒப்படைத்தார்கள். அடிபட்டு மேலே வந்தபின் மருத்துவமனையிடம் ஒப்படைத்தார்கள். பாறை வெடித்த நாட்களில் மருத்துவமனை வாயிலில் காத்து நின்ற பெண்கள் முதலில் நோக்கியது டாக்டரின் முகத்தை அன்று. கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் நர்ஸம்மாவின் முகத்தையே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அந்த முகங்கள் நம் வீட்டு முதியோரின் நினைவில் இன்னும் மூடப்படவில்லை.

இன்று நாம் நினைவுகூர விழையும் அம்மையார் நம் ஊரினர் அல்லர். எனினும் நம் ஊரைப் போன்றே சுரங்கத்தால் வாழ்ந்த ஓர் ஊரில் தொண்டாற்றியவர். நம் முன்னோரின் ஊர்களிலிருந்து சிலர் கோலாருக்கு ரயிலேறிய அதே காலத்தில், வேறு சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி உண்டு. இங்கே பொன், அங்கே வெள்ளீயம். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிப்பதுபோல, அங்கே தமிழும் சீனமும் மலாயும் ஒலித்தன. அந்தப் பள்ளத்தாக்கின் தலைமை நகரம் ஈப்போ.

சிபில் அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராத் தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே நடுப்பெயராகச் சேர்த்துச் சிபில் மேடான் டேலி எனப் பெற்றோர் பெயரிட்டனர். தந்தையார் ஐரிஷ் வழிவந்த கலப்பினத் தோட்டத் துரை, தாயார் மருத்துவச்சி. நம் தங்கவயலில் ஆங்கிலோ இந்தியர் என்று நாம் அழைக்கும் மக்களை ஒத்த குடும்பம் என்று கொள்ளலாம். தாயின் தொழிலையே மகளும் கற்று, தாதியாகவும் மருத்துவச்சியாகவும் தேர்ச்சி பெற்றார்.

கணவராக அவருக்கு வாய்த்தவர் ஒரு தமிழ் மருத்துவர். ஆறுமுகம் என்ற பெயருடன் பிறந்து, பின்னர் அப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு என அறியப்பட்டவர். பெண் வீட்டார் கத்தோலிக்கர். மாப்பிள்ளை வீட்டார் இந்துக்கள். சமயம் குறுக்கே நின்றது. இத்தகைய தடைகளை நாமும் நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். முடிவில் பெரியோர் இசைந்தனர். 1919ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூர்த் தேவாலயம் ஒன்றில் திருமணம் நடந்தேறியது. அதே ஆண்டில் பிறந்த முதல் ஆண்மகவு ஒரு நாள் கூட முழுதாக உயிர் வாழவில்லை. பிறர் குழந்தைகளைக் கையில் ஏந்தி உலகுக்குக் கொணரும் தொழிலை உடையவருக்கு இஃது எத்துணைத் துயரம்! அத்தம்பதியர் வில்லியம் என்னும் சிறுவனை மகனாக ஏற்று வளர்த்தனர். பிறகு ஓல்கா, டான் என இரு பெண்மக்கள் பிறந்தனர்.

1926ஆம் ஆண்டு முதல் ஈப்போவில் புரூஸ்டர் சாலையில் இவர்களுடைய மருத்துவமனை நடைபெற்றது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். அம்மையார் கான்டனீஸ் எனப்படும் சீன மொழியைத் தடையின்றிப் பேசினார். ஏழைச் சீனப் பெண்கள் அவரிடம் அச்சமின்றி வந்ததற்கு அஃது ஒரு முதற் காரணம் என நாம் கருதுகிறோம். வலியைப் பிறமொழியில் சொல்லுதல் எளிதன்று. கன்னட நாட்டில் வாழும் நாம் அதனை அறிவோம்.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானியர் படை மலாயாவில் இறங்கியது. ஈப்போ வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அம்மையாரின் குடும்பம் அருகிலிருந்த பப்பான் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. வெள்ளீயம் தோண்டிய சீனர்கள் வாழ்ந்த, ஒரே நீண்ட தெருவை உடைய ஊர் அது. அத்தெருவில் 74ஆம் எண் வீட்டில் அம்மையார் மருந்தகம் வைத்தார். வீட்டின் பின்புறம் காய்கறித் தோட்டம். அதற்கு அப்பால் மலையும் காடும். அக்காட்டில் சப்பானியரை எதிர்த்த கெரில்லாப் போராளிகள் பதுங்கியிருந்தனர், பெரும்பாலோர் சீனர், தலைமை பொதுவுடைமைக் கட்சியாரிடம் இருந்தது.

பகலில் நோயாளிகள் முன்வாயிலால் வந்தனர். இரவில் குண்டடிபட்டவர்கள் பின்வாயிலால் வந்தனர். அம்மையார் குண்டுகளை அகற்றிக் கட்டுப் போட்டார். மருந்தும் கொடுத்தனுப்பினார். அவரைப் போர்க்களத்துக்கு எவரும் அழைக்கவில்லை. சம்பளம் தருவார் எவரும் இல்லை.

இதனினும் அபாயமான பணி ஒன்று இருந்தது. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது சப்பானியர் ஆட்சியில் உயிருக்கே ஆபத்தை விளைக்கும் குற்றம். அவ்வம்மையாரோ மாடிப்படியின் கீழே குழி பறித்துச் சிற்றலை வானொலிப் பெட்டியை மறைத்துவைத்து, லண்டன் செய்திகளைக் கேட்டு, நம்பத்தக்கவர்களுக்குத் தெரிவித்துவந்தார். வானொலி வழியாக இதனைச் சொல்லும்போது நமக்கு ஒருவிதக் கூச்சம் தோன்றுகிறது. பெட்டியின் குமிழைத் திருப்பினால் பாட்டும் பேச்சும் வருமென்று இருக்கும் நமக்கு, ஒரு செய்தியைக் கேட்பதற்காகத் தலையை ஈடுவைத்தவர்கள் இருந்தார்கள் என்பது எளிதில் மனத்திற் படிவதில்லை.

நடுவே ஒரு சொல். அதே ஆண்டுகளில், அதே மலாயாவில், தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து சப்பானியரின் துணையோடு போரிட்டனர். வேறு பல தமிழர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஒரே இனம், ஒரே காலம், வழிகள் வெவ்வேறு. இவர் வழியே நேர்வழி, பிறர் வழி கோணல்வழி என்று தீர்ப்புக் கூற நாம் இங்கே வரவில்லை.

1943ஆம் ஆண்டில் இரகசியம் வெளிப்பட்டது. கணவரும் மகனும் அம்மையாரும் சிறைப்பட்டனர். கெம்பெய்த்தாய் என்னும் சப்பானிய இராணுவப் போலீசார் அவரை அடித்தனர், நகங்களைப் பிடுங்கினர், முதுகெலும்பு சேதமுற்றது. போராளிகளின் பெயர்களைச் சொல் என்பதே அவர்கள் கேட்டது. அவர் சொல்லவில்லை. இறுதியில் ஏழு வயதுச் சிறுமி டானைக் கொண்டுவந்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டப் போவதாக மிரட்டினர். அப்போதும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. சிறுமி உயிர் தப்பினாள்.

இவ்விடத்தில் நாம் சற்றே தயங்குகிறோம். மக்களைப் பெற்றவர்கள் எவரும் இதனைக் கேட்டவுடன் கைதட்டிவிட முடியாது. பெற்ற மகளைவிடக் காட்டிலிருக்கும் அயலார் பெரியவர்களா என்று ஒரு தாய் வினவினால், நம்மிடம் ஆயத்தமான விடையில்லை. ஆனால் அந்த அயலார் அவர் கையால் கட்டுப்போடப்பட்டவர்கள். ஒரு பெயர் வெளிவந்தால் அதன்பின் பல பெயர்கள் வரும். பப்பான் தெருவே அழியும். தெருவிலும் பல தாய்மார்களின் குழந்தைகள் இருந்தனர். அம்மையார் எதை எண்ணி வாய்மூடியிருந்தாரோ, நாம் அறியோம். மறுநாளும் தம் மகளின் முகத்தில் விழிக்கவேண்டியவர் அவரே அல்லரோ?

ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுப் பத்துகாஜாச் சிறையில் கிடந்த அவர், 1945இல் போர் முடிந்தபின் விடுதலை பெற்றார். நடக்கவியலாத நிலை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வீரச்செயலுக்குரிய ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மலாயாப் பெண்களுள் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே. நோய்ப்படுக்கையில் கிடந்தவாறே தம் சிறை அனுபவங்களை எழுதத் தொடங்கினார். 'இரக்கத்தின் ஒரு துளியும் இல்லை' என்று பொருள்படும் தலைப்புடன் அந்நூல் 1954இல், அவர் மறைந்தபின், ஆங்கிலத்தில் வெளிவந்தது.

1948 சூன் 12ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். சிறையில் தாடையில் பட்ட பழங்காயமே இறுதியில் இரத்தத்தை நஞ்சாக்கியது என்பர். அவர் மறைந்த ஒரு வாரத்துக்குள், சூன் 18ஆம் நாள், மலாயா முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அவர் கட்டுப்போட்டனுப்பிய போராளிகளின் இயக்கம், அவருக்குப் பதக்கம் அளித்த அரசுக்கே பகையாயிற்று. ஆகவே அவருடைய புகழைப் பாட இரு தரப்பாரும் நெடுங்காலம் முன்வராததில் வியப்பில்லை. பப்பான் மக்கள் மட்டும் அவரை மறக்கவில்லை.

முதலில் ஸ்காட்லாந்தில் லானார்க் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1949ஆம் ஆண்டில் கடல் கடந்து ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணவர் 1972 வரை வாழ்ந்தார். அவரும் அதே சிறையின் கொடுமைகளை அனுபவித்தவரே; அவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பப்பானில் 74ஆம் எண் வீட்டைப் பிற்காலத்தார் நினைவில்லமாக்கினர். அங்கே செல்வோருக்கு மாடிப்படியின் கீழேயுள்ள அந்தக் குழியைக் காட்டுகிறார்கள். ஒரு பெட்டி கொள்ளுமளவே இடம்.