எழுத்துக்கு எழுத்து படிப்போம்



கச்சிபௌலியில் பகல் முழுக்க உழைத்துவிட்டு வகுப்புக்கு வந்திருக்கிறீர்கள். சிலருக்குக் கட்டட வேலை. சிலருக்கு வீட்டு வேலை. சிலருக்கு வாசல் காவல். களைப்பாக இருக்கும். ஆனாலும் கொஞ்சம் கேளுங்கள். இன்று நான் ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நான் செய்த தப்பு.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா தையல் மெஷின் வாங்கக் கடன் எடுத்தார். ஒரு நிதி நிறுவனம் கொடுத்தது. மாதம் தவறாமல் தவணை கட்டினார். இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருடையது பழைய போன். புது ஆப் போட அதில் இடம் இல்லை.

"தங்கச்சி, ஆப் இல்லாமலே கணக்குப் பார்க்க ஒரு லிங்க் இருக்காமே. கொஞ்சம் கண்டுபிடிச்சு அனுப்பேன்" என்று கேட்டார்.

லிங்க் என்றால் என்ன? இணையத்தில் ஓர் இடத்தின் முகவரி. அதைத் தொட்டால் அந்த இடம் திறக்கும். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பல, வாடிக்கையாளருக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. அதில் நுழைந்தால் பாக்கித் தொகை தெரியும். தவணைத் தேதி தெரியும். ரசீதும் கிடைக்கும். நல்ல வசதிதான்.

நான் போனில் அந்த நிறுவனத்தின் பேரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்ததை எடுத்தேன். அதன் மேல் சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. முகவரியையும் படிக்கவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன். எல்லோருக்கும் உதவட்டும் என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

அன்று இரவு அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் படம் இருந்ததாம். அதே நிறம் இருந்ததாம். போன் நம்பர் கேட்டது, கொடுத்தார். ஆதார் நம்பர் கேட்டது, கொடுத்தார். பிறகு, "அபராதம் 3,200 ரூபாய் பாக்கி, இன்றே கட்டுங்கள்" என்று காட்டியது. கட்டினார். பணம் போனது யாரோ ஒரு தனி ஆளின் பேருக்கு. அது போலிப் பக்கம்.

அக்கா என்னை நம்பினார். நான் அந்த லிங்க்கைப் படிக்காமல் நம்பினேன்.

மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்போது வாசல் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"எனக்கும் அது வந்தது அம்மா. நான் தொடவில்லை. பேரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது" என்றார்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"நானும் அந்தக் கம்பெனியில் கடன் வாங்கியிருக்கிறேன். காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேட்டில் தினமும் வண்டி நம்பர் எழுதுகிறேன் இல்லையா? ஓர் எழுத்து மாறினால் அது வேறு வண்டி."

யோசித்துப் பாருங்கள். தெலங்கானாவில் 2024 மார்ச் வரை புது வண்டிகளுக்கு 'டிஎஸ்' என்று நம்பர் கொடுத்தார்கள். பிறகு 'டிஜி' என்று மாற்றினார்கள். மாறியது ஒரே ஓர் எழுத்து. பெரியவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். வேகமாகப் படிப்பேன். வேகமாகப் படித்த நான் ஏமாந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தவர் ஏமாறவில்லை. மெதுவாகப் படிக்கிறோமே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நண்பர்களே, இது சின்ன விஷயம் இல்லை. 2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கொரோனாக் காலம். கையில் காசு இல்லை. பலர் போனில் வந்த ஆப் மூலம் சில ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார்கள். கட்டத் தாமதமானதும் மிரட்டல் வந்தது. அவர்கள் போனில் இருந்த நம்பர்களை எடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் தெலங்கானாவில் சிலர் உயிரை விட்டார்கள். சைபராபாத் காவல்துறையும் ஹைதராபாத் காவல்துறையும் வழக்குப் போட்டுப் பலரைக் கைது செய்தன. சைபராபாத் காவல் ஆணையர் அலுவலகம் இருப்பது நம் கச்சிபௌலியில்தான்.

அந்த டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்தது. பிறகு ஒரு குழு அமைத்தது. 2021 நவம்பரில் குழுவின் அறிக்கை வந்தது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் குழு பார்த்த கடன் ஆப்கள் சுமார் 1,100. அவற்றில் சுமார் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. பாதிக்கு மேல் போலி!

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகள் கொண்டுவந்தது. நாம் கட்டும் தவணை நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். நம் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் கடன் ஆப் எடுக்கக் கூடாது. மொத்த வட்டியும் செலவும் எவ்வளவு என்று ஒரு விவரத்தாள் தர வேண்டும். அக்காவுக்கு அந்த முதல் விதி தெரிந்திருந்தால், தனி ஆளின் பேரைப் பார்த்ததும் நிறுத்தியிருப்பார். விதி இருந்தால் போதாது. அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உண்மையான லிங்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் கடன் காகிதத்தை எடுங்கள். கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள். ஆப்பின் பேர் வேறாக இருக்கலாம். நமக்கு வேண்டியது கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பேர். இணைய முகவரியும் போன் நம்பரும் காகிதத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் கடன் வாங்கிய கிளைக்கே போய் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, அந்த முகவரியை நீங்களே எழுத்துக்கு எழுத்து போனில் அடியுங்கள். தேடும்போது முதலில் வருவதைத் தொடாதீர்கள். காசு கொடுத்தால் யாரும் விளம்பரத்தில் முதலில் வரலாம்.

மூன்றாவது, ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் பட்டியலைப் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் கடன் ஆப்களின் பட்டியலை வைத்திருக்கிறது. எந்த ஆப் எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது என்று அதில் இருக்கிறது.

நான்காவது, வங்கிக் கடன் என்றால் இன்னொரு அடையாளம் உண்டு. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் முகவரியை 'பேங்க் புள்ளி இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதைப் பதிவு செய்து தரும் நிறுவனம் இதே ஹைதராபாத்தில், மாசாப் டேங்கில் இருக்கிறது. ஆனால் கவனம்! 'பேங்க் புள்ளி இன்' முகவரியின் நடுவில் இருந்தால் போதாது. சாய்ந்த கோடு வரும் வரை படியுங்கள். தொடக்கத்தில் இரட்டைக் கோடு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் முன்னால் அது இருக்க வேண்டும்.

இனி, லிங்க்கை மற்றவருக்கு எப்படிக் கொடுப்பது?

நீங்கள் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த முகவரியை மட்டும் கொடுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். "நீங்களும் உங்கள் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். யாரோ அனுப்பியதைப் படிக்காமல் அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் பேருக்கு மெசேஜில் வந்த லிங்க்கை யாருக்கும் அனுப்பாதீர்கள். சில லிங்க் நேராக உங்கள் கணக்கையே திறந்துவிடும். ஓடிபி நம்பரும் அப்படித்தான். வீட்டு விலாசத்தைச் சொல்லலாம். வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா?

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன நேரம், தொகை, போன கணக்கு, எல்லாம் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. அக்கா அன்று இரவே 1930-க்குச் சொன்னார். புகார் எண் கிடைத்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. நான் மாதாமாதம் கொஞ்சம் கொடுக்கிறேன் என்றேன். அக்கா வாங்க மறுத்துவிட்டார். "பணம் வேண்டாம் தங்கச்சி, எனக்கு அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடு" என்றார்.

அதனால்தான் நாளை முதல் நம் வகுப்பில் ஆங்கில எழுத்துகளும் படிக்கப் போகிறோம். எல்லோரும் அவரவர் கடன் காகிதத்தைக் கொண்டு வாருங்கள். அதில் உள்ள முகவரியை நோட்டில் பார்த்து எழுதுவோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரி பார்ப்போம். முதல் பாடத்தை நம் வாசல் காவல் ஐயா நடத்துவார். நானும் அவர் முன்னால் உட்கார்ந்து படிப்பேன்.